காணா நட்பும் கண்ட நட்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாதோறும் எம்மை எழுப்பி ஏதேனும் பேசுமாறு பணித்தல் நம் சங்கத்தார்க்கு வழக்கம். இலக்கியத்தினின்றோ புராணத்தினின்றோ ஒரு பொருளை எடுத்து யாம் விரித்துரைத்தலும் வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்று சிறிது விலகுகின்றோம். மேனாடுகளில் துப்பறியும் நூல் எழுதுவோரும் அவற்றை விரும்பிப் படிப்போரும் ஒருங்கு கூடி நடத்தும் மகாநாடுகளைப் பற்றியும், அவற்றால் அன்னோர் ஈட்டிய நட்பையும் அபிமானத்தையும் பற்றியும் சில கூற விழைகின்றோம். இப்பொருளைக் கேட்டமாத்திரத்தே நம் செயலாளர், “புலவர் ஐயா, கொலையும் களவும் எழுதுவோர் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை?” என்று நகைத்தார். அவர் நகைத்தது நியாயமே. ஆயினும் இறுதிவரை பொறுத்திருந்து கேட்பின் அவ்வேலை இன்னதென விளங்கும்.

முதற்கண் நம் நாட்டுச் செய்தி ஒன்றை நினைவூட்டுவோம். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் கேள்வியொன்றாலேயே உயிர் நண்பராயினர். மக்களோடு மாறுபட்டு மனம் நொந்த சோழன் வடக்கிருந்த காலத்து, ஆந்தையார்க்கும் தன் அருகே ஓரிடம் வைத்திருக்குமாறு பணித்தான். கண்டறியாத ஒருவர் இத்துணைத் தொலைவு கடந்து வருவரோ என்று உடனிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார்; தமக்கென வைத்த இடத்தில் இருந்தார்; உடன் உயிர் நீத்தார்.

இச்செய்தியைப் பள்ளியிற் பாடஞ்சொல்லுங்கால், “உணர்ச்சி ஒத்தலே நட்பு, காண்டல் வேண்டுவதன்று” என்று முடித்துவிடுவது ஆசிரியர் வழக்கம். யாமும் பல்லாண்டு அவ்வாறே முடித்தோம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “காணாமலே நட்பு நிறையுமாயின், ஆந்தையார் ஏன் ஐயா நடந்து வந்தார்? அரசன் ஏன் இடம் வைத்தான்?” என்று வினவினான். அன்று எமக்கு விடை தோன்றவில்லை. அவ்வினாவுக்கு ஒருவாறு விடை கிடைத்தது, யாம் எதிர்பாராத இடத்தில், இத்துப்பறியும் நூலோர் வரலாற்றைப் படித்தபோதுதான்.

நூலாசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே உள்ளது காணா நட்பே. எழுதுவோன் தனியறையில் இருந்து எழுதுகின்றான். படிப்போன் தனியறையில் இருந்து படிக்கின்றான். ஒருவன் குரல் மற்றவன் நெஞ்சில் ஒலிக்கின்றது. ஆயினும் தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் அயலாரே. துப்பறியும் நூலிலோ இவ்வுறவு இன்னும் நெருங்கியது. குற்றவாளி யார் என்பதை ஆசிரியன் மறைக்க, வாசகன் தேட, நூல் முழுதும் இருவரும் ஆடு களத்தில் எதிரெதிர் அமர்ந்த தோழரைப்போல் இருக்கின்றனர். அத்தோழர் நேரிற் காணின் யாது நிகழும்?

இலண்டன் மாநகரில் 1930-ஆம் ஆண்டில் ‘டிடெக்ஷன் கிளப்’ என்னும் கழகம் தோன்றியது. அந்தோணி பெர்க்லி என்னும் எழுத்தாளர் தம்மையொத்த சிலரை விருந்துக்கு அழைத்துத் தொழில் பேசிவந்ததே வளர்ந்து கழகமாயிற்று. பிரௌன் பாதிரியார் கதைகளை எழுதிய செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவர். டாரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி முதலியோர் உறுப்பினர். புதிதாய்ச் சேர்வோர், ‘எரிக்’ எனப் பெயரிட்ட மண்டையோடு ஒன்றின்மேற் கைவைத்துச் சூளுரைத்தல் வேண்டும். இது விளையாட்டேபோல் தோன்றும். ஆனால் சூளுரையின் பொருளை நோக்குமின். இன்றியமையாத தடயத்தை வாசகர்க்கு மறைத்தல் ஆகாது என்பது ஒன்று. உடன் உறுப்பினர் நம்பிக் கூறிய கதைப்போக்கை அது வெளிவருமுன் திருடுதலோ வெளியிடுதலோ ஆகாது என்பது மற்றொன்று. முன்னது வாசகர்க்குச் செய்யும் நேர்மை. பின்னது நண்பர்க்குச் செய்யும் நேர்மை. ஒரே தொழிலில் போட்டியிடுவோர், தம் சரக்கின் மறைபொருளையே ஒருவர்க்கொருவர் திறந்துகாட்டும் அளவுக்கு நம்பினர் என்பதே இங்கு வியக்கத்தக்கது. 1931-இல் அவர்கள் ஆளுக்கொரு அதிகாரமாக ‘தி புளோட்டிங் அட்மிரல்’ என்னும் நாவலைக் கூடி எழுதினர். முன்னவர் இட்ட முடிச்சைப் பின்னவர் ஏற்று மேலும் ஒரு முடிச்சு இடுவர். தாம் இட்ட முடிச்சுக்குத் தாமே ஒரு விடையும் எழுதிவைத்தல் வேண்டும். விடை காணாமல் பிறர் தலையிற் சுமத்துதல் கூடாது.

அகதா கிறிஸ்டி அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர் மிகுந்த கூச்சம் உடையவர். 1926-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இல்வாழ்வில் நேர்ந்த துன்பம் தாங்காது 11 நாள் ஒருவருக்கும் தெரியாமல் மறைந்திருந்தார். நாடெங்கும் அவரைத் தேடிற்று. முடிவில் ஹாரோகேட் என்னும் ஊரில் ஒரு விடுதியில், வேறு பெயரோடு தங்கியிருந்தவராகக் கண்டனர். அத்தகையவரை 1957-இல் டிடெக்ஷன் கிளப்பார் தலைவராக இருக்க வேண்டினர். மேடையேறிப் பேசச் சொல்லலாகாது என்னும் உறுதியின்மேல் அவர் இசைந்தார். பேச்சுப் பணியை ஏற்க கோரல் பிரபு என்பவர் உடன் தலைவராக அமைந்தார். 1976-இல் மறையுமளவும் அம்மையாரே தலைமையில் இருந்தார். பேச இயலாதவர்க்கும் ஓரிடம் வைத்தல் நண்பர் கடமை என்பதை இது காட்டவில்லையா? இன்னும் ஒரு வியப்பு: அவர் மறைந்திருந்த அதே விடுதி இன்று ‘ஓல்டு ஸ்வான்’ என வழங்குகின்றது. 2003 முதல் ஆண்டுதோறும் துப்பறியும் நூல் விழா அவ்வூரிற் கூடுகின்றது. அவ்விழாவுக்கு அவ்விடுதியே நிலையான இடமாயிற்று. ஒருவர் மனிதரை அஞ்சி ஒளிந்த முற்றத்தில் இன்று எழுத்தாளரும் வாசகரும் பெருந்திரளாகக் கூடி உரையாடுகின்றனர்.

ஆயினும் இலண்டன் கழகத்தில் ஒரு குறை உண்டு. அது எழுத்தாளர் மட்டும் கூடும் மூடிய அவை. காணா நண்பனாகிய வாசகனுக்கு அங்கு இடமில்லை. அக்குறையை நீக்கியவர் எழுத்தாளர் அல்லர், வாசகரே.

அமெரிக்க நாட்டில் அந்தோணி பௌச்சர் என்றொரு மதிப்புரையாளர் இருந்தார். 1951 முதல் 1968-இல் இறக்கும்வரை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் துப்பறியும் நூல்களுக்கு மதிப்புரை எழுதினார். பேர்பெற்றோர் நூலை மட்டுமன்றி முகமறியாப் புதியோர் நூலையும் தேடிப் படித்து நாட்டுக்கு அறிவித்தவர் அவர். அர்ஜென்டினா நாட்டுப் போர்ஹேஸ் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தினார். அவர்தம் கதை முதன்முதல் ஆங்கிலத்தில் வந்தது 1948-இல், பௌச்சர் மொழிபெயர்ப்பாகத் துப்பறியும் கதைப் பத்திரிகை ஒன்றிலேயாம். இத்தகையவர் மறைந்தபின், அவர்தம் பெயரால் 1970-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரில் ஒரு மகாநாடு கூடிற்று. அதுவே ‘பௌச்சர்கான்’.

அதனைக் கூட்டியோர் யார்? புரூஸ் பெல்ஸ் என்பவரும், லென் மாஃபட், ஜூன் மாஃபட் என்னும் தம்பதியரும் ஆவர். இவர்கள் அபிமானிகளாகவே அறியப்பட்டோர். மாஃபட் தம்பதியர், ஜான் டி. மக்டொனால்டு என்னும் ஓர் ஆசிரியர்பால் கொண்ட பற்றினால், அவர் நூல்களைப் பற்றியே 1965 முதல் ஒரு சிற்றேடு நடத்திவந்தனர். மின்னசோட்டாவில் ஆலன் ஹூபின் என்னும் வேதியியலாளர், துப்பறியும் நூல் வாசகர்க்கென 1967-இல் மற்றோர் ஏடு தொடங்கினார். நம் சங்கத்து மாத இதழைப்போன்ற எளிய ஏடுகளே அவை. அவ்வேடுகள் வாயிலாகக் கடிதம் எழுதிக்கொண்டு முகமறியாமல் நண்பரானோர், ‘ஒருநாள் கூடுவோமே’ என்று விரும்பியதன் பயனே அம்மகாநாடு. விஞ்ஞானக் கதை அபிமானிகள் 1939 முதல் நடத்திவந்த உலக மகாநாட்டின் முறையை அவர்கள் பின்பற்றினர்.

அன்று தொடங்கிய பௌச்சர்கான் ஆண்டுக்கொரு நகராக இன்றும் நடைபெறுகின்றது. இலண்டனிலும், நாட்டிங்காமிலும், கனடாவின் டொராண்டோவிலும் கூடியதுண்டு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை முடியும். நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர். சிறப்பு விருந்தினர் சிலர் ஒழிய, பேசவரும் எழுத்தாளரும் கேட்கவரும் வாசகரைப்போலவே கட்டணம் செலுத்தி வருகின்றனர். எல்லார் கழுத்திலும் பெயர்ச்சீட்டு ஒன்றே தொங்கும். ஒருபுறம் புத்தகக் கடைகள். ஒருபுறம் உரையாடல் அரங்குகள். ஒருபுறம் கையொப்பம் வேண்டி நிற்போர் வரிசை. சிறப்பு விருந்தினருள் வாசகர் ஒருவரையும் வைத்துப் போற்றும் வழக்கம் அங்கு உண்டு. 1986 முதல் அந்தோணி பெயரால் பரிசு வழங்குகின்றனர். பரிசுக்குரிய நூலைத் தேர்வது அறிஞர் குழு அன்று, வந்து கூடியவர்தம் வாக்கே.

இனி, அபிமானிகள் எவ்வாறு உண்டாகின்றனர் என்பதைக் காண்போம். ஓர் அரங்கில் நால்வர் அல்லது ஐவர் எழுத்தாளர் ஒரு மேசை முன் அமர்வர். நெறிப்படுத்துவோர் ஒருவர் அவர்தம் நூல்களை முன்னரே படித்துவந்து வினாத் தொடுப்பார். வாசகர் வந்தது அவருள் புகழ்பெற்ற ஒருவரைக் காண்பதற்கே. ஆனால் அருகில் அமர்ந்த, பெயர் கேட்டறியாத மற்றொருவர் தம் நூலைப் பற்றிப் பறை சாற்றாமல், பக்கத்தவர் நூலின் நயத்தை எடுத்துக்காட்டி, நகைச்சுவையோடு இரண்டு சொற் சொல்லுவார். அரங்கு கலைந்தவுடன் வாசகர் கடைக்குச் சென்று அந்த இரண்டாமவர் நூலை வாங்குவார். அவ்வாசகர் ஒரு நூலகத்தின் பொறுப்பாளராகவோ, புத்தகக் கடை உடையவராகவோ, ஊரில் படிப்போர் குழு நடத்துபவராகவோ இருப்பின், ஒருவர் பெற்ற அபிமானம் நூறாகப் பெருகும். இதற்கு மாறாக, எதிர்ப்பட்டோர் கையிலெல்லாம் விளம்பரச் சீட்டைத் திணித்து, தம் நூலையே இடைவிடாது புகழ்வாரும் உளர். அவரைக் கண்டால் வாசகர் தூணுக்குப்பின் மறைவர். வாணிகஞ் செய்யச் சென்றவர் வெறுங்கையோடு மீள்வர். வாசகராகச் சென்ற எழுத்தாளரே வாசகரைப் பெற்று மீள்வர். இஃது அம்மகாநாடுகள் கற்பிக்கும் முதற்பாடம்.

1989-இல் தொடங்கிய ‘மாலிஸ் டொமஸ்டிக்’ என்னும் மகாநாடு ஒன்று மேரிலாந்து மாகாணத்தில் கூடுகின்றது. குருதி பெருக்காத, பண்டை முறையிலான துப்பறியும் நூல்களைப் போற்றுவது அதன் நோக்கம். அங்கு அகதா பெயரால் அளிக்கும் பரிசு யாதெனின், தேநீர்க் கெண்டி! அங்கு ஒரு நிகழ்ச்சி உண்டு: வாசகர் மேசைதோறும் அமர்ந்திருப்பர், எழுத்தாளர் இருவர் இருவராக மேசை மேசையாகச் சென்று, ஓரிரு நிமிட நேரத்தில் தம் நூலைச் சொல்லி அடுத்த மேசைக்கு நகர்வர். வாசகர் எழுந்து எழுத்தாளரை நாடிச் செல்லாமல், எழுத்தாளர் நடந்து வாசகரை நாடிவருதல் காண்மின். ஆந்தையார் நடந்த நடையன்றோ அது! இம்மகாநாடுகளில் மற்றொரு வழக்கமும் உண்டு. நற்பணிக்குப் பொருள் திரட்ட ஏலம் விடுவர். ஏலத்தில் எடுக்கும் பொருள்களுள் ஒன்று, எழுத்தாளரின் அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்துக்குத் தம் பெயரை இடும் உரிமை. கொலையுண்ணும் பாத்திரத்துக்கே தம் பெயரை விரும்பிக் கேட்பாரும் உளராம். அபிமானத்துக்கு இதனினும் மேற்பட்ட சான்று வேண்டுமோ!

இதுகாறும் இன்பமான பகுதியையே கூறினோம். கூடுதலின் பயன் இன்பம் மட்டுமன்று. 1986-ஆம் ஆண்டு பால்ட்டிமோர் நகரிற் பௌச்சர்கான் கூடியபோது நிகழ்ந்ததைக் கேண்மின். துப்பறியும் நூல் எழுதுவோருட் பெண்டிர் பலர் இருந்தும், பத்திரிகைகளில் அவர்தம் நூலுக்கு மதிப்புரை அரிது, பரிசும் அரிது. மூத்த எழுத்தாளரான பிலிஸ் விட்னி அம்மையார் பரிசு பற்றிய குறையைக் கடித வாயிலாக எழுத்தாளர் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். சிகாகோ நகரத்துப் பெண் துப்பறிவாளர் ஒருவரைப் படைத்துப் புகழ்பெற்ற சாரா பரெட்ஸ்கி அம்மையார், பால்ட்டிமோர் மகாநாட்டுக்கு வந்த பெண் எழுத்தாளரை ஒருங்கழைத்துப் பேசினார். அதன் பயனாக ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்னும் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தார் வெற்று முறையீட்டோடு நில்லாது, பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளை எண்ணி, ஆண்பாலார் நூல் எத்துணை, பெண்பாலார் நூல் எத்துணை எனக் கணக்கிட்டுக் காட்டினர். இன்று அச்சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் உளர், ஆடவரும் சேரலாம். தனித்திருப்போர் தமக்கு நேர்ந்த புறக்கணிப்பைத் தம் குறையென்றே எண்ணி நாணுவர். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு பேசியபின்னரே அது பொதுக்குறை எனத் தெளிவர். கடிதத்தால் தொடங்கியது கூட்டத்தால் முற்றியது.

பெருந்தொற்று பரவிய 2020-இல் பௌச்சர்கான் கணினித் திரை வழியாகவே நடைபெற்றது. 2021-இல் நியூ ஆர்லியன்சில் நடைபெற இருந்தது கைவிடப்பட்டது. பேச்சுகளைத் திரையிற் கேட்டல் எளிது. ஆயினும் அரங்குக்கும் அரங்குக்கும் இடைப்பட்ட தாழ்வாரத்தில் தற்செயலாக எதிர்ப்படும் முகத்தைத் திரை தருவதில்லை. அடுத்த ஆண்டு மினியாபொலிஸ் நகரில் மீண்டும் நேரிற் கூடினர். 2025-இல் நியூ ஆர்லியன்சுக்கே திரும்பினர். விட்டுப்போன ஊருக்கும் இடம் வைத்திருந்தனர் போலும்.

பெரியோர்களே! நம் செயலாளர் வினாவுக்கு இப்போது வருவோம். அவர்கள் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை?

நாமும் ஆண்டுதோறும் கூடுகின்றோம். மேடை இடுகின்றோம், மாலை சூட்டுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம். மேடையில் இருப்போர் பேசுகின்றனர். கீழே இருப்போர் கேட்கின்றனர். பேசியவர் வேறு வேலையுண்டெனப் பந்திக்கு முன்னரே எழுந்து போகின்றார். தாய்மார் பின்வரிசையிலும் இளைஞர் வாயிற்புறத்திலும் நிற்கின்றனர். உறவினரைக் காண்கின்றோம், மணப்பேச்சு நடத்துகின்றோம், இவை வேண்டுவனவே. ஆனால் முன்னர் அறியாத ஒருவரை அறிந்து மீண்டோமா என நம் நெஞ்சைக் கேட்போமாக.

பிறரைக் குறை கூறுமுன் எம் குற்றத்தை யாமே சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகட்கு முன் இம்மேடையில் நட்பதிகாரத்தை விரித்துப் பேசினோம். வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் வகுத்ததன் நுட்பத்தை ஒரு மணி நேரம் விளக்கினோம், கைதட்டல் பெற்றோம். இறங்கி வாயிலை அடைந்தபோது, நம் குலத்து இளைஞர் ஒருவர் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை இரு கையாலும் ஏந்தி நின்றார். “ஐயா, துப்பறியும் கதைகள் எழுதியிருக்கின்றேன். ஒன்றையாவது பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். எமக்குப் பேருந்துக்கு நேரமாயிற்று. அன்றியும், உண்மையை மறையாமற் சொல்லின், துப்பறியும் கதையெனக் கேட்டவுடன் பண்டிதர்க்குரிய ஏளனம் ஒன்று எம் உள்ளத்தில் எழுந்தது. “அடுத்தமுறை பார்ப்போம், தம்பி” என்று நடந்தோம். அடுத்த ஆண்டு விழாவில் அவரைத் தேடினோம், காணவில்லை. அதற்கடுத்த ஆண்டும் காணவில்லை. அவர் இன்றும் எழுதுகின்றாரோ, நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டாரோ, அறியோம். ஐந்து அதிகாரத்தை விளக்கத் தெரிந்த எமக்கு ஐந்து நிமிடம் நிற்கத் தெரியவில்லை. மேனாட்டார் மகாநாட்டு வரலாற்றை யாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

அன்று மாணவன் கேட்ட வினாவுக்கு இதுவே யாம் கண்ட விடை: உணர்ச்சி ஒத்தல் நட்பின் தொடக்கம், அது நிலைபெற ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை முன்னரே வைத்திருப்பவனே நண்பன். வருவானோ மாட்டானோ எனப் பிறர் ஐயுறும்போதும் வைத்திருத்தல் வேண்டும்.

ஆதலின் சங்கத்தார் திருமுன் மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பிற்பகலை மேடையில்லாத கூட்டமாக நடத்துவோம். பாய் விரித்து அனைவரும் ஒருநிலையில் அமர்வோம். எழுதுவோர் எவராயினும், தாய்மாராயினும் இளைஞராயினும், பத்து நிமிடம் படிக்கட்டும். இரண்டாவது, அங்குப் பேசுவோர் முதலில் பிறர் எழுதியதொன்றைப் போற்றிவிட்டே தம்முடையதைத் தொடுதல் வேண்டும். மூன்றாவது, அப்பிற்பகலுக்கு நம் ஊரிற் படிக்கும் பழக்கமுடைய எவரும் வரலாம், எக்குலத்தவராயினும் வரலாம் எனக் கதவைத் திறந்து வைப்போம். நம் சங்கம் பிறப்பால் அமைந்தது. அதனை மறுப்பார் இல்லை. ஆயினும் சோழனும் ஆந்தையாரும் ஒருகுலத்தார் என்பதால் நண்பராகவில்லை. சாண்டா மோனிக்காவிற் கூடினோரும் ஒருகுலத்தார் அல்லர். இரத்தம் தரும் உறவு தானே வரும். எழுத்துத் தரும் உறவை நாம் சென்று அழைத்தல் வேண்டும்.

நோட்டுப் புத்தகம் ஏந்தி நின்ற அவ்விளைஞரை அறிந்தார் இவ்வவையில் யாரேனும் இருப்பின், அவரிடம் இச்செய்தியைச் சேர்ப்பியுங்கள்: அடுத்த ஆண்டு யாம் பந்தி முடியும்வரை இருப்போம், எம் அருகே அவர்க்கு ஓர் இலை போட்டு வைத்திருப்போம்.